பழைய ஸ்ப்ளெண்டரை வீட்டு வாசலிலேயே தேற்றுவது

கேள்வி சுருக்கமாக இதுதான். 2017 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் பைக், அப்பா ஓட்டியது, இப்போது மகன் கைக்கு வந்திருக்கிறது. இன்ஜினில் குறையில்லை. ஆனால் செயின் சத்தம் போடுகிறது, சைலன்சரில் துரு, டேங்கில் கீறல், கருப்பாக இருந்த பிளாஸ்டிக் எல்லாம் வெளுத்துவிட்டது, சீட் தையல் விட்டிருக்கிறது. வண்டி நிற்பது சென்னையில் கடலுக்குப் பக்கத்தில், மேலே கூரை கிடையாது. டேங்குக்குப் புது பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டக் கடையில் விலை கேட்டாயிற்று. அதற்கு முன் வீட்டிலேயே என்னென்ன செய்யலாம்?

பெயிண்ட் கடைக்கு இப்போதைக்குப் போகாதீர்கள். வண்டி கிழடு தட்டித் தெரிவதற்கு டேங்க் காரணமாக இருப்பது குறைவு. வெளுத்துப்போன கருப்பு பாகங்கள், துருவேறிய போல்ட் தலைகள், கறை படிந்த சைலன்சர், இவைதான் காரணம். டேங்கை மட்டும் பளபளவென்று ஆக்கினால் மற்றதெல்லாம் முன்பைவிட மோசமாகத் தெரியும். கருப்பையும் இரும்பையும் முதலில் சரிசெய்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். டேங்க் வேலை தேவையா என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் வேலை கழுவுவது. அழகுக்காக என்று நினைக்க வேண்டாம். எங்கே போல்ட் காணவில்லை, எங்கே ஆயில் கசிகிறது, எந்த ஸ்போக் ஆடுகிறது, எந்த வயர் உரசித் தோல் உரிந்திருக்கிறது என்பதெல்லாம் கையால் தேய்த்துக் கழுவும்போதுதான் கண்ணில் படும். அதனால்தான் வாட்டர் சர்வீஸுக்கு விடுவதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. அங்கே அழுத்தத்தோடு வரும் தண்ணீர் சக்கர பேரிங், ஹேண்டில்பார் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்), ஸ்விட்ச், மீட்டர் எல்லாவற்றிலும் புகும். கடைசியில் ‘ஃபினிஷிங்’ என்று டீசலோ பழைய ஆயிலோ கலந்து இன்ஜின் மேல் பீய்ச்சுவார்கள். அன்று மாலை வரை பளபளப்பு இருக்கும். மறுநாள் தெருப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டும், ரப்பர் பாகங்கள் ஊறிப்போகும், தப்பித் தவறி பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக்கே பிடிக்காது. விட்டே ஆக வேண்டும் என்றால் ‘ஆயில் அடிக்க வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஒரு பக்கெட் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் போதும். வெயில் ஏறுவதற்கு முன், இன்ஜின் ஆறியபின் செய்யுங்கள். சென்னை போர் தண்ணீரில் உப்பு அதிகம். அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து, நாளடைவில் குரோமையும் அரிக்கும். அதனால் கழுவுவதைவிடத் துடைப்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் இரும்புக்கும் இன்ஜினுக்கும் சரி. டேங்குக்கு அது வேண்டாம். அதில் தையல், நைலான் நூல் எல்லாம் கலந்திருக்கும், கீறல் விழும். டேங்குக்கென்று ஒரு மைக்ரோஃபைபர் துணியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதால் வேறு எதையும் துடைக்காதீர்கள். துடைத்து முடித்ததும் மெதுவாக ஒரு சுற்றுப் போய் பிரேக்கை நாலைந்து முறை பிடித்து விடுங்கள், டிரம் காய்ந்துவிடும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியோடு வரும் டூல் கிட் அவசரத்துக்குத்தான். நல்ல ரிங் ஸ்பானர் செட் ஒன்று வாங்குங்கள், ஓப்பன் ஸ்பானரால் துருப்பிடித்த நட்டைத் திருகினால் முனை மழுங்கிவிடும். இன்ஜின் கவரில் இருக்கும் நட்சத்திர ஸ்க்ரூக்களைக் கவனித்திருக்கிறீர்களா? பத்தில் எட்டு வண்டியில் அவற்றின் தலை கடித்துத் துப்பினதுபோல இருக்கும். ஹீரோ ஹோண்டா காலத்தில், 1994-ல் வந்த ரகம் ஸ்ப்ளெண்டர். ஜப்பானிய அளவு முறை அப்படியே தொடர்கிறது. அந்த ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) வகை. பார்க்க சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் பள்ளத்தின் வடிவம் வேறு. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலேறித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். முனை கொண்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, செயின். சத்தம் என்றதும் எல்லோரும் ஆயில் விடுவார்கள், மெக்கானிக் கடையில் வடித்த கருப்பு ஆயிலையே ஊற்றுகிறவர்களும் உண்டு. அந்த ஆயிலில் இருக்கும் கரியும் இரும்புத் துகளும் செயினைத் தேய்க்கத்தான் உதவும். ஸ்ப்ளெண்டரில் செயினை முழுசாக மூடி ஒரு கவர் இருக்கிறது. பெரிய பைக் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் மழையும் மணலும் உள்ள ஊரில் அந்தக் கவர்தான் செயினின் ஆயுளைக் கூட்டுகிறது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் இருக்கலாம் (சரியான அளவு கையேட்டில் இருக்கிறது). சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, நாலைந்து இடத்தில் இதைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தொளதொளவென்றும் இன்னோர் இடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை, அதை இழுத்துக்கட்டிப் பயனில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்கும் வேலையை யார் செய்து காட்டினாலும் நீங்கள் செய்யாதீர்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாட்டினால் விரலும் கூடவே போகும். இன்ஜின் நின்றிருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும், பெட்ரோல் வேண்டாம். நன்றாகத் துடைத்துக் காய்ந்தபின் எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக, செயினின் உள்பக்கம் படும்படி விடுங்கள். சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். வழிகிற அளவுக்கு விடக் கூடாது, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஸ்ப்ரே டப்பாவில் வரும் துரு நீக்கி எண்ணெய் இறுகிய நட்டைக் கழற்றத்தான். அதையே செயினுக்கு அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் இரண்டு நாளில் செயின் வறண்டு கிடக்கும்.

இழுத்துக் கட்டுவதும் கடினமில்லை. பின்சக்கர ஆக்சில் நட், அதற்குப் பின்னாலிருக்கும் பெரிய ஸ்லீவ் நட் இரண்டையும் தளர்த்த வேண்டும். இந்த ஸ்லீவ் நட்டை மறந்துவிட்டு ‘அட்ஜஸ்டர் திரும்பவே மாட்டேன் என்கிறது’ என்று மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய. இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு திருகி, இரு பக்கமும் கோடுகள் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பின்னால் போனால் சக்கரம் கோணலாக நிற்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: சக்கரம் பின்னால் நகர்ந்ததும் பின்பிரேக் ராடும் இறுகிவிடும். பிரேக் பெடலில் 2 முதல் 3 செ.மீ. வெற்றாட்டம் (பிரேக் பிடிக்கும் முன் சும்மா அசையும் தூரம்) இருக்கும்படி மறுபடி வைக்காவிட்டால் பிரேக் உரசிக்கொண்டே ஓடி, மைலேஜும் போய் ஷூவும் எரியும். பிரேக் விளக்கு சரியான இடத்தில் எரிகிறதா என்றும் ஒரு பார்வை. செயினை விறைப்பாகக் கட்டினால் சத்தம் அடங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இழுவை கியர்பாக்ஸ் பேரிங் மேல் விழும். கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை, விறைப்பு கூடாது.

இத்தனைக்கும் பிறகு சத்தம் நிற்கவில்லை என்றால் கவரைக் கழற்றி, பின்ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. அப்போது செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து முழு செட்டாகப் போடுங்கள், தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். மெக்கானிக் போட்டு முடித்ததும் லாக் கிளிப்பைப் பாருங்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையில், திறந்த முனை பின்னால் இருக்க வேண்டும்.

கிளட்ச் லீவர், முன்பிரேக் லீவர் இரண்டிலும் நுனியில் 1 முதல் 2 செ.மீ. வெற்றாட்டம் இருக்கட்டும். கிளட்ச் கேபிள் கெட்டியாக இருந்தால் மேல்முனையைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கூம்பாகக் கட்டி, அதில் கொஞ்சம் ஆயில் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள், கீழ்முனையில் ஆயில் எட்டிப் பார்க்கும். கேபிள் நூல் ஒன்றிரண்டு பிரிந்திருந்தால் இந்த வைத்தியம் வேண்டாம், உடனே மாற்றிவிடுங்கள். அது அறுவது எப்போதுமே சிக்னலில்தான். பிரேக்கை முழுசாகப் பிடித்தபடி டிரம் பக்கத்திலுள்ள அம்புக்குறியைப் பாருங்கள். தட்டிலுள்ள அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் நட்டைத் திருகி ஓட்டுவது ஆபத்து.

ஆயில் மாற்றுவது நீங்களே செய்யக்கூடியதுதான். பாட்டிலில் கையேடு சொல்லும் தடிமனோடு ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரை) என்று போட்டிருக்க வேண்டும். இந்த வண்டியில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கின்றன. உராய்வைக் குறைப்பதற்கென்றே சரக்குச் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இன்ஜின் லேசாகச் சூடானதும் வடியுங்கள். வடிகால் போல்ட்டை மீண்டும் போடும்போது விரலாலேயே முதல் சில சுற்றுத் திருகி, பிறகு ஸ்பானரை எடுங்கள். இன்ஜின் அடிப்பகுதி அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், அப்புறம் லேத் கடைக்கு அலைய வேண்டும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், விலை ஒன்றுமில்லை. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் டின்னில் சேர்த்து விற்பார்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் காகித வகையாக இருந்தால் காற்றடிக்கவோ கழுவவோ கூடாது. தூசியைப் பிடிக்கத்தான் அந்தப் பிசுக்கு. அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். டயர் காற்றுக்கு செயின் கவரிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பின்பற்றுங்கள். ஒருவர் ஓட்ட முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. என்பது இந்த ரக வண்டிகளில் வழக்கம், பின்னால் ஆள் ஏறினால் பின்டயருக்குக் கூடுதலாக வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017-ன் 35-ஆவது வாரம் தயாரானது. வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பட்டன் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது.

இனி அழகு வேலை. சைலன்சர் குரோமில் இருப்பது மேலோட்டமான துரு என்றால், சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரிலோ வினிகரிலோ தோய்த்துத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, துருவை எடுக்கும், குரோமைக் கீறாது. தேய்க்கத் தேய்க்கக் கருப்பாக ஒரு சேறு வரும். அதைத் துடைத்ததும் அடியில் பளிச்சென்று தெரியும் இடம்தான் மிஞ்சியிருக்கும் குரோம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுக்காதீர்கள், கோடு கோடாக விழுந்துவிடும். சிறு சிறு குழிகள் மட்டும் பழுப்பாக நிற்கும். அங்கே குரோம் போய்விட்டது, வீட்டில் எதைச் செய்தாலும் திரும்பாது. தேய்த்த இடத்தைக் கழுவி, காயவைத்து, சைலன்சர் ஆறியிருக்கும்போது மெழுகு பாலிஷைத் தடவுங்கள். கடலோரத்தில் இதை மாதம் ஒருமுறை செய்யாவிட்டால் துரு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குரோம் செதில் செதிலாக உரிகிறது என்றால் கருப்பாக்கிவிடுவதுதான் நல்லது. உரிகிறதைச் சுரண்டி, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, சூடு தாங்கும் மேட் பிளாக் ஸ்ப்ரேயை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். டப்பாவில் 600 டிகிரி என்பதுபோல எழுதியிருக்கும். சாதாரண எனாமல் புகைந்து, உரிந்து, ஊரே நாறும். இந்தப் பெயிண்ட் சூட்டில்தான் இறுகும். காய்ந்தபின் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, அடுத்தமுறை கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டு, இப்படிப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். முதல் நாளே நீண்ட சவாரி போனால் பூச்சு கொப்பளிக்கும்.

போல்ட் தலைகள், ஸ்டாண்ட், சாரி கார்டு, ஃபுட்ரெஸ்ட் கம்பி: இவற்றின் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, துருவைக் கருப்புப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டரைத் தடவி, காய்ந்தபின் கருப்பு பெயிண்ட். ஒரு சின்ன பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். வண்டியின் தோற்றத்தை இதைவிடக் குறைந்த செலவில் மாற்றும் வேலை வேறில்லை என்பேன்.

வெளுத்த பிளாஸ்டிக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். தடவினால் கருப்பாகும், இரண்டு நாளில் புழுதியைச் சேர்த்துக்கொண்டு பழையபடி ஆகிவிடும். டயர் பாலிஷும் அதே கதைதான். பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் டிரிம் ரிஸ்டோரர் வாங்குங்கள். பிளாஸ்டிக்கை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பசை போனபின் தடவினால் மாதக் கணக்கில் நிற்கும். டயர் பாலிஷை சீட்டிலும் ஃபுட்ரெஸ்டிலும் டயரின் தரை படும் பகுதியிலும் தடவவே கூடாது, வழுக்கிவிடும்.

இப்போது டேங்க். கீறலின் மேல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கீறல் மேலிருக்கும் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) பூச்சோடு நிற்கிறது, ரப்பிங் காம்பவுண்டை (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) மென்மையான துணியில் எடுத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் மறையும். அதற்கு அசையாவிட்டால் 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, மிக லேசாக நாலு தடவை, பிறகு காம்பவுண்ட், பிறகு பாலிஷ். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பேப்பரை வைக்காதீர்கள், அங்கே பூச்சு மெல்லியது, சட்டென்று இரும்பு தெரிந்துவிடும். ஸ்டிக்கர் மேலும் காம்பவுண்ட் போடக் கூடாது.

நகம் மாட்டினால் டச்-அப் பெயிண்ட். இடத்தைத் துடைத்து, பல்குத்தும் குச்சி நுனியில் துளித் துளியாக எடுத்து, பள்ளத்துக்குள் மட்டும் வைத்து, காயவிட்டு, மறுபடி வைத்து நிரப்ப வேண்டும். பிரஷால் இழுத்தால் கீறலைவிடப் பெரிதாக ஒரு தழும்புதான் கிடைக்கும். வெறும் இரும்பு தெரிகிற இடமாக இருந்தால் இதை இன்றே செய்யுங்கள், அழகுக்குப் பிறகு நேரம் இருக்கிறது, துருவுக்கு இல்லை.

முழு டேங்கையும் ஸ்ப்ரே டப்பாவால் அடிக்கும் ஆசை வரும், வேண்டாம். டப்பாவில் வரும் சாதாரண கிளியர் பெட்ரோல் பட்டால் இளகும். பங்கில் ஒரு சொட்டு வழிந்தால் மூடியைச் சுற்றிச் சுருக்கம் விழும். பெட்ரோல் தாங்குவது ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர்தான், அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், தகுந்த முகமூடியும் இடமும் உள்ள கடைக்காரரிடம் விடுங்கள். பழைய ஸ்டிக்கரை எடுக்க ஹேர் டிரையரால் சூடாக்கி ஓரத்திலிருந்து உரித்து, மிச்சப் பசையை நீலகிரித் தைலம் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். ஹெட்லைட், மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் தைலம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட் தையல் விட்டதைக் கம் போட்டு ஒட்டினால் நிற்காது. உள்ளே மழைத் தண்ணீர் இறங்கி ஸ்பாஞ்ச் ஊறியிருக்கும், வெயிலடித்த பிறகும் உட்கார்ந்தால் பேன்ட் நனையும். சீட்டைக் கழற்றி வெயிலில் வைத்து நன்றாகக் காயவிட்டுப் புது கவர் போடுங்கள். சென்னையிலேயே இருப்பதால் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு பக்கம் போனால் உங்கள் கண்ணெதிரிலேயே தைத்து மாட்டித் தருவார்கள். தையல் மேல்பக்கம் குறைவாக இருக்கும் டிசைனைக் கேளுங்கள், ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீருக்கு வழி. உடைந்த சைடு பேனல், இண்டிகேட்டர் மாதிரியானவை பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும். பிரேக் ஷூ, கேபிள், செயின் செட் போன்றவற்றை மட்டும் அங்கே தேடாமல் புதிதாக, கம்பெனி பொருளாக வாங்குங்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் கட்டென்று நிற்கிற மாதிரி இருந்தால் கோன் செட் போயிருக்கிறது, அதையும் டேப்பெட்டையும் (இன்ஜின் வால்வு இடைவெளி சரிசெய்வது) மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கார்புரேட்டரில் ஐடிலிங் ஸ்க்ரூவைத் தவிர மற்றதைத் தொட வேண்டாம்.

கடைசியாக, டேங்கையும் பேனல்களையும் எப்படியும் பெயிண்ட் அடிப்பது என்று முடிவெடுத்தால் அதே நிறத்திலேயே அடியுங்கள். ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. கருப்பு வண்டியைச் சிவப்பாக்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து அதையும் ஆர்.சி.யில் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் சோதனையிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் பின்னாளில் விற்கும்போதும் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள், நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.